பதினோரு பேர் பட்டியல்

கும்மிடிப்பூண்டி
9.10.2024

அன்புள்ள நர்மதாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? நாள் முழுக்க நிற்கிற வேலைதான் உனக்கும் எனக்கும்.

கம்பெனி வாசலிலேயே போனை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். சாயங்காலம் பேசினால் மூன்றாவது நிமிடத்தில் நீ டீச்சராகிவிடுகிறாய். அதனால் இதை மோனிகாவின் கணக்கு நோட்டில் வைத்து அனுப்புகிறேன்.

பத்தாம் வகுப்பில் பதினோரு பிள்ளைகளை ‘மெல்லக் கற்போர்’ என்று பிரித்து வராந்தாவில் உட்கார வைத்திருக்கிறாயாம். என் மகள் மோனிகாவும் அதில் ஒருத்தி. கையில் ஒரு சின்னப் புத்தகம், அதில் கிராஃபும் முக்கோணம் வரைவதும் மட்டும். “இந்த வளைவு ஏன் கோட்ட ஒரே எடத்துல தொடுதுன்னு கேட்டேம்மா. அதெல்லாம் உனக்கு வாணாம், புள்ளி வச்சு சேத்துடுன்னு சொல்ட்டாங்க” என்கிறாள். பதினொன்றாம் வகுப்பில் அவளுக்குக் கணக்குக் குரூப் வேண்டும். அவளை உள்ளே கூப்பிட்டுக்கொள்.

உன்
செண்பகம்


பொன்னேரி
14.10.2024

அன்புச் செண்பகம்,

நோட்டுக்குள் கடிதம் வைக்கிற பழக்கத்தை நாம் பள்ளிக்கூடத்தோடு விட்டுவிட்டோம் என்று நினைத்திருந்தேன்.

கோபப்படாமல் கேள். என் வகுப்பில் நாற்பத்து மூன்று பேர். போன வருடம் இரண்டு பேர் கணக்கில் ஃபெயிலாகிவிட்டார்கள். தலைமையாசிரியர் துளசிராமன் சாரும் நானும் திருவள்ளூர் கல்வி அலுவலகத்துக்குப் போய் விளக்கம் எழுதிக் கொடுத்து, திட்டு வாங்கிக்கொண்டு வந்தோம். கிராஃபுக்கு எட்டு மார்க், வடிவியலுக்கு எட்டு, கூடவே பழகிய சின்னக் கேள்விகள். பாஸுக்கு வேண்டிய முப்பத்தைந்து வந்துவிடும். மோனிகா காலாண்டுத் தேர்வில் முப்பத்தொன்று. காலை ஏழரை மணி சிறப்பு வகுப்புக்குப் பத்தொன்பது நாள் வரவில்லை. நான் என்ன செய்ய? அவளைப் பாஸ் பண்ண வைப்பது என் பொறுப்பு. நீ கவலைப்படாதே.

என்றும்
நர்மதா


கும்மிடிப்பூண்டி
16.10.2024

நர்மதா,

முப்பத்தொன்று உண்மைதான். அந்தத் தாளை வாங்கிப் பார்த்தேன். அல்ஜீப்ராவில் எழுதியதெல்லாம் சரி. கிராஃபையும் வடிவியலையும் அவள் தொடவே இல்லை. அவற்றை நீ காலை வகுப்பில்தான் நடத்தினாயாம். எங்கள் காலனிக்கு முதல் பஸ் எட்டு ஐந்துக்கு. அதற்கு முன் வருவது கம்பெனி பஸ், பிள்ளைகளை ஏற்றமாட்டார்கள்.

மற்ற பத்துப் பேர் யாரென்று கேட்டேன். எல்லோரும் எங்கள் காலனிதான். எட்டு ஐந்து பஸ்ஸை அப்படியே இறக்கி வராந்தாவில் உட்கார வைத்திருக்கிறாய்.

நாம் பத்தாவது முடித்தபோது உனக்குக் கணக்கில் அறுபத்தெட்டு, எனக்கு எழுபத்தொன்று. கணக்குக் குரூப் உனக்குக் கிடைத்தது. என் அப்பாவிடம் நம் அப்போதைய கணக்கு சார், “உம் பொண்ணுக்கு ஹிஸ்டரி போதும்பா” என்றார். அப்பா கும்பிட்டுவிட்டு வந்தார். இத்தனை வருடத்தில் இதை உன்னிடம் சொன்னதில்லை.

செண்பகம்


பொன்னேரி
21.10.2024

அன்புச் செண்பகம்,

உடனே பதில் எழுத முடியவில்லை. பதினோரு பேர் தாள்களையும் திரும்ப எடுத்துப் பார்த்தேன். நீ சொன்னது சரி. பட்டியல் அன்றைக்கே வேண்டும் என்று கல்வி அலுவலகத்தில் கேட்டார்கள். காலை வகுப்பு வருகைப் பதிவேட்டைப் பார்த்து, குறைவாக வந்தவர்கள் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டேன். வராதவர்களுக்குப் படிப்பில் அக்கறை இல்லை என்று நானே முடிவு செய்துகொண்டேன். பதினோரு பேரில் ஆறு பேருக்கு அல்ஜீப்ரா நன்றாகவே வருகிறது. வெட்கமாக இருக்கிறது.

ஆனால் பட்டியல் மேலே போய்விட்டது. மொத்தமாக மாற்றினால் காரணம் கேட்பார்கள், சாரும் சம்மதிக்கமாட்டார். ஒரு பெயரென்றால் நானே சமாளித்துக்கொள்வேன். மோனிகா நாளை மறுநாள் முதல் உள்ளே உட்காரட்டும். விட்டுப்போன பாடங்களை மதிய இடைவேளையில் சொல்லித்தருகிறேன். இதை மற்ற வீடுகளில் பேசாதே.

உன்
நர்மதா


கும்மிடிப்பூண்டி
22.10.2024

அன்புள்ள நர்மதா,

சரி. யாரிடமும் பேசமாட்டேன். நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன்
செண்பகம்


பொன்னேரி
19.5.2025

அன்புச் செண்பகம்,

மோனிகா கணக்கில் எண்பத்தாறு! கணக்குக் குரூப்பில் அவள் பெயரை நானே என் கையால் எழுதினேன். நாற்பத்து மூன்று பேரும் தேர்ச்சி. சார் ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார்.

வராந்தாவில் இருந்த பத்துப் பேரும் முப்பத்தைந்துக்கும் நாற்பத்திரண்டுக்கும் நடுவில். உன் பக்கத்து வீட்டுச் சாம்சனின் மகள் கணக்குக் குரூப் கேட்டு வந்தாள். அல்ஜீப்ரா வருகிறது என்று சொன்னேனே, அந்த ஆறு பேரில் அவளும் ஒருத்தி. முப்பத்தெட்டுக்கு எப்படிக் கொடுப்பது? தொழிற்கல்விக்கு எழுதிக்கொண்டேன். அவள் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டாள். அன்று முழுக்க எனக்கு மனசு சரியில்லை.

ஞாயிற்றுக்கிழமை மோனிகாவோடு சாப்பிட வா. பிரியாணி செய்கிறேன்.

உன்
நர்மதா


கும்மிடிப்பூண்டி
23.5.2025

நர்மதா டீச்சர் அவர்களுக்கு வணக்கம்.

மோனிகாவுக்கு நீங்கள் செய்ததை மறக்கமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை வர இயலாது. இனி அவளிடம் கடிதம் கொடுத்தனுப்பவும் வேண்டாம். ஒரு பெயர் என்று நீங்கள் எழுதியபோது சரி என்று எழுதியவள் நான். உங்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. ஆனால் உங்கள் எதிரில் உட்கார்ந்து சிரித்துப் பேச என்னால் முடியாது.

கம்பெனியில் சாம்சன் மனைவியும் நானும் ஒரே மேசையில் பேக்கிங் செய்கிறோம். நேற்று அவள், “ஒரே கிளாஸு, ஒரே பஸ்ஸுல போய்க்கினு இருந்துச்சுங்க. உன் பொண்ணு மட்டும் இன்னா பண்ணி எம்பத்தாறு வாங்குச்சுக்கா?” என்று கேட்டாள். பொறாமையாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அக்டோபரில் நடந்ததைச் சொல்ல வாயெடுத்தேன்.

“அவளுக்குக் கணக்கு தானா வரும்” என்றேன்.

அவள் நம்பிவிட்டாள். “எங்க பொண்ணுக்கு அது வராதுக்கா. சின்னப் பொண்ணும் அப்டிதான் இருக்கும்” என்று சொல்லிவிட்டு அடுத்த அட்டைப்பெட்டியை எடுத்தாள்.

இப்படிக்கு,
மோனிகாவின் அம்மா