அளவெடுப்பவரிடம் சொல்லக் கூடாதது

மார்ச் 4

வைரஸ் பரிசோதனையில் தென்படாத அளவுக்கு அடங்கியே இருக்கிறது. ஆதாரம்: இன்று காலை ஆய்வகம் தந்த அறிக்கை. எச்.ஐ.வி.யோடு இருபத்திரண்டு வருடம் ஆயிற்று. அதோடு இப்போது சண்டை இல்லை. வம்பெல்லாம் பாதங்களோடுதான். பழைய மாத்திரைகளால் நரம்பு கெட்டு மரத்துப்போய், செருப்பு கழன்றாலும் தெரிவதில்லை. அதனால்தான் பத்திரிகையில் மேசை வேலை. அதனால்தான், உடற்பயிற்சி இப்படிப்பட்ட கால்களுக்கு உதவுமா என்று பார்க்கும் இந்த மருத்துவமனை ஆய்விலும் சேர்ந்தேன். குலுக்கலில் எனக்குப் பயிற்சிக் குழு விழுந்தது. இன்னொரு குழுவுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும்.

எங்கள் நீதிமன்றச் செய்தியாளர் மே கடைசியில் ஓய்வு பெறுகிறார். அந்த இடத்தை எனக்குத் தரச் சொன்னேன். ஆசிரியர் கேட்டார்: "அங்க லிஃப்ட் கிடையாது. மூணு மாடி. உங்களால முடியுமா?"

ஆய்வில் எனக்குப் பயிற்சி தரும் பிசியோதெரபிஸ்ட், எங்கள் பிசியோவிடம் கேட்டேன். "மூணு மாசப் பரிசோதனை முடியட்டும் மேடம். அதுக்குள்ள தனியா படியேறினீங்க, உங்க ஆபீசுக்கே வந்து சண்டை போடுவேன்."

மார்ச் 19

நகராத சைக்கிள். எங்கேயும் போய்ச் சேராமல் இவ்வளவு வியர்த்தது கட்சி மாநாடுகளில்கூட இல்லை.

ஏப்ரல் 11

ஒற்றைக் காலில் நின்றேன். என் குழுவிலேயே இருக்கும் லாரி டிரைவர், "கொக்கு தோத்துச்சு போங்க" என்றார். சிரித்த சிரிப்பில் இருவருமே சாய்ந்து கம்பியைப் பிடித்தோம்.

மே 27

கெடுத்துக்கொண்டேன்.

இன்று மூன்று மாதப் பரிசோதனை. நாங்கள் எந்தக் குழு என்பது, எழவும் நடக்கவும் எத்தனை நொடி என்று அளவெடுப்பவருக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் அவர் கை தன்னையறியாமலே எங்களுக்குச் சாதகமாகக் கடிகாரத்தை அழுத்திவிடலாம். வாசலிலேயே எச்சரித்துத்தான் அனுப்பினார்கள். கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழச் சொன்னார். எழுந்துவிட்டேன். அந்தச் சந்தோஷத்தில், "சைக்கிள் மிதிச்சது வீண்போகல" என்று இந்த வாய் —

கடிகாரத்தைக் கீழே வைத்தார். "போச்சு. வேற ஆள் வந்து முதல்லேருந்து எடுக்கணும்க்கா."

அடுத்த வார வெள்ளிதான் ஆள் வருமாம். நீதிமன்ற வேலை யாருக்கு என்று ஆசிரியர் திங்களன்றே முடிவு செய்கிறார்.

தங்கை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். "ஊரான் ரகசியத்தையெல்லாம் முப்பது வருஷம் காப்பாத்தின. உன்னோடத அரை மணி நேரம் அடக்க முடியலையா?" அழுறதா, சிரிக்கிறதா? ரெண்டும் வந்துச்சு.

மே 28

வெள்ளிவரை பொறுக்கும்படி ஆசிரியரிடம் கேட்டேன். ஏன் என்றார். எல்லாவற்றையும் சொன்னேன், எச்.ஐ.வி. உட்பட. பேனாவை மூடித் திறந்தார். "அது செய்தி இல்ல. படி ஏறுவீங்களாங்கறதுதான் செய்தி. வெள்ளிக்கிழமை சொல்லுங்க, அதுவரைக்கும் யாருக்கும் தரல."

அவர் அறையை விட்டு வரும்போது மறுபடி சிரிப்பு: இந்த வாய்க்கு இரண்டு நாளில் இரண்டு ரகசியம்.

ஜூன் 5

புதிய அளவெடுப்பவர். வாயில் மிட்டாயைப் போட்டுக்கொண்டு போனேன். வணக்கத்துக்கும் தலையாட்டல்தான். என்ன கோபமோ என்று நினைத்திருப்பார்.

முடிந்ததும் பிசியோ சொன்னார்: "ஏறுங்க மேடம். கைப்பிடி ஓரமா."

ஜூன் 9

நீதிமன்றம், மூன்றாம் மாடி. ஒவ்வொரு தளத்திலும் நின்று மூச்சு வாங்கி ஏறினேன். ஒரு ஜாமீன் மனு. மதியமே செய்தி அனுப்பிவிட்டேன். ஆசிரியரிடமிருந்து ஒரே பதில்: "முதல் வாக்கியம் நீளம்." எவ்வளவு இனிமையான திட்டு.

பயிற்சியால்தான் ஏறினேனா? பிசியோ கைவிரிக்கிறார். இரண்டு குழுவையும் ஒப்பிட்டுப் பார்த்தால்தான் சொல்ல முடியுமாம். அந்த முடிவு நவம்பர் கடைசியில். அதுவரை, "பயிற்சிக்குப் பின் ஏறினார்" என்று மட்டுமே எழுதலாம்.