பாட்டி சொன்னால் செல்லாது

பெரியவனே,

அன்றைக்கு அந்த மனநல விடுதியில் இருந்தது டாக்டரம்மா, கல்வி அதிகாரி, நர்ஸ், நான், நீ, உன் மகள்.

நர்ஸ் ஆசிரியப் பயிற்சி முடிக்காதவள், அதனால் அங்கிருக்கும் பிள்ளைகளுக்கு அவள் நடத்தும் வகுப்பை மூட வேண்டும் என்றார் அதிகாரி. பெற்றவர் ஆட்சேபித்தால் வேறு டீச்சர் வரும்வரை விட்டுவைக்கலாம் என்று வழியும் அவரே சொன்னார்.

நான் முந்திக்கொண்டு, "மூடாதீங்க ஐயா" என்றேன்.

"பாட்டி சொன்னா செல்லாதும்மா. அப்பா சொல்லட்டும்."

நீ சிரித்தாய். "முதல்ல புத்தி தெளியட்டும் சார். படிப்பு எங்க ஓடிப்போகுது?"

அங்கே சேர்ந்ததிலிருந்து வாயே திறக்காத பிள்ளை, அந்த வகுப்பில்தான் வாய்ப்பாடு சொல்ல ஆரம்பித்தாள். வகுப்பை மூடியதிலிருந்து மறுபடி சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருக்கிறாள். நான் கூப்பிட்டாலும் திரும்புவதில்லை.

அதிகாரி சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர், போகட்டும். டாக்டரம்மா கையைப் பிசைந்தாள், அவளும் போகட்டும். என் கண் மூடும்வரை உன்னை மட்டும் மன்னிக்க மாட்டேன்.

உன்னைப் பெற்றவள்