கூழின் மேல் போட்ட பழி

ஜூலை 15, செவ்வாய். நல்ல வெயில்.

காகிதக் கூழ் கெட்டுவிட்டது என்று சொல்லி, கூழ்த்தொட்டியை என்னிடமிருந்து பிடுங்கிவிட்டார்கள். அநியாயம். பதினெட்டு வருடமாகப் பரவைப் பட்டறையில் கையால் காகிதம் செய்கிறேன். யாரும் கற்றுத் தரவில்லை. கெடுத்துக் கெடுத்துக் கற்றது.

கல்லூரிச் சான்றிதழுக்கான தாள். வெளிச்சத்தில் பிடித்தால் நடுவில் திட்டுத் திட்டாய், ஓரமெல்லாம் பிய்ந்து. மேலாளர் டேனியல் சொன்னது: "அய்யா, உங்க கூழுதான் சரியில்ல. இனி நீங்க தாள் எண்ணுனா போதும்."

ஈரத்தாளைப் பிழிய போன மாதம் வந்த ஜாக்கி பிரஸ்தான் காரணம். பழைய திருகு பிரஸ் மெல்ல இறுக்கும். இது ஒரே மூச்சில். தண்ணீர் போக வழியில்லாமல் கூழின் நாரையும் இழுத்துக்கொண்டு ஓடுகிறது.

முழங்கால் வலி. தைலம் தீர்ந்துவிட்டது.

ஜூலை 17, வியாழன். ஆடி பிறந்தது. காற்று.

டேனியல் வெளியே போயிருந்தார். பிரஸ் ஓட்டும் பாண்டியம்மாளிடம் சொன்னேன்: ஒரே கூழ், இரண்டு அடுக்கு. ஒன்று வழக்கம்போல். மற்றது கொஞ்சம் அழுத்தி, சொட்டு நின்றபின் மறுபடி அழுத்தி.

"இம்புட்டு மெதுவா அழுத்துனா பொழுது போயிரும்ணே."

"போகட்டும்."

"ஒங்களுக்கென்ன, சும்மா நிக்கிறீக. வசவு வாங்குறது நான்ல."

மெதுவாக அழுத்தியதில் திட்டு பாதி குறைந்தது. பாதிதான். ஏன்?

ஜூலை 18, வெள்ளி. காற்று ஓயவில்லை.

கொடியில் காடாத் துணிகள். ஈரத்தாள்களுக்கு நடுவே வைத்து அழுத்துபவை. தண்ணீரைக் குடிக்க வேண்டியவை. தொட்டால் அப்பளம் போல விறைப்பு. ஒரு சொட்டு விட்டேன். முத்தாக நின்றது. பாண்டியம்மாளைக் கேட்டேன்:

"கஞ்சியா போடுற?"

"நீங்கதானண்ணே போடச் சொன்னீக? துணிச் சுருக்கம் தாள்ல விழுதுன்னு."

நான்தான். சித்திரையில். மறந்தே போனேன்.

கஞ்சி படாத பழைய துணி நான்கு கிடைத்தது. மெதுவான அழுத்தம். மாலைக்குள் தாள் காய்ந்துவிட்டது. ஜன்னலில் பிடித்தோம். ஒரு திட்டு இல்லை. பாண்டியம்மாள் சுண்டிப் பார்த்தாள்: "புது நோட்டாட்டம் சடசடங்குதுண்ணே!"

அதே கூழ்.

ஜூலை 19, சனி. மேகம்.

திங்கட்கிழமை கல்லூரிக்கு மாதிரித் தாள் போகிறது. அதற்குள் யார் என்ன செய்ய வேண்டும்:

துணி முழுவதும் வெந்நீரில் அலசிக் கஞ்சி எடுப்பது: பாண்டியம்மாள், கூட நான்.

பிரஸ்ஸை நிறுத்தி நிறுத்தி அழுத்தும்படி எழுதி ஒட்டுவது: டேனியல். தன் கையெழுத்தோடு.

தொட்டியைத் திருப்பித் தருவது: டேனியல். எல்லோர் முன்பும்.

கஞ்சி போடச் சொன்னது யார் என்று அதற்கு முன்பே சொல்வது, அதே எல்லோர் முன்பும்: நான்.