நெஞ்சுவலி என்று எழுதியவனுக்கு

புது கேன்வாஸ் ஷூவை மகள் பெட்டியிலிருந்து எடுத்தாள். அன்று மலைக்கென்று நாம் வாங்கிய ஷூவின் அதே ரப்பர் வாடை வந்ததும் நீயும் வந்து நின்றுவிட்டாய். செத்து இரண்டு மாதம் ஆகியும் இந்த வீட்டுக்கு உனக்கு வழி தெரிகிறது. எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள்.

வடக்கே பனிமலை மேல் ஓர் ஏரி இருக்கிறது, ஒரே நாளில் ஏறி இறங்கலாம் என்று முதலில் சொன்னவன் நீ. போக வர இருபது கிலோமீட்டர் என்றதும், "பூதலூர் போயிட்டு வர்ற தூரம்தானேடா" என்றேன். வயக்காட்டுக்காரன் கணக்கு அப்படித்தான். தூரத்தைப் பார்த்தோம், உயரத்தைப் பார்க்கவில்லை. பிறகு நீதான் விசாரித்து வந்தாய். இருட்டோடு கிளம்பி, உச்சிப்பொழுதுக்குள் ஏரியைத் தொட்டு, மேகம் இறங்குமுன் திரும்பிவிட வேண்டுமாம். நம் பக்கம் மேடு என்றால் ரயில்வே மேம்பாலம்தான். கால் மூட்டை நெல்லைத் தோளில் வைத்துக்கொண்டு மூன்று மாதம் அதில் ஏறி இறங்கினோம். பாதிப் பாலத்தில் நீ கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாய். நான் மேலே காத்திருப்பேன். "மாடு மாதிரி ஏறுறடா" என்பாய். சிரித்துக்கொண்டேதான் சொன்னாய், நான்தான் உன் கண்ணைப் பார்க்காமல் விட்டேன்.

மலையடிவாரச் சாவடியில் என் படிவத்தையும் நீயே நிரப்பினாய். காட்டிய இடத்தில் கைநாட்டு வைத்தேன். என்னை மட்டும் நிறுத்தினார்கள். பாஷை புரியவில்லை. நீ திரும்பிப் பார்க்காமல் ஏறிப் போனாய். காவலுக்கு நின்ற தமிழ்க்காரச் சிப்பாய்தான் வாசித்துச் சொன்னார்: "நெஞ்சுவலி இருக்குன்னு எழுதியிருக்குங்க ஐயா. கைநாட்டும் வச்சிருக்கீங்களே."

சாயங்காலம் வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். நீ இறங்கி வந்து ஏரியின் நிறத்தைச் சொன்னாய். ஊரிலும் ஆறு வருஷம் சொன்னாய், "பாவம், அவனுக்கு முடியல" என்ற வாலையும் சேர்த்து. படிக்காதவன் பேச்சு எடுபடாது என்று உனக்குத் தெரியும்.

இப்போது டாக்டர் பார்த்துவிட்டார், நெஞ்சில் ஒன்றுமில்லை. இந்தத் தடவைப் படிவத்தை மகள் வரி வரியாக வாசித்துக் காட்டினாள். அதே மலைக்கு அடுத்த வாரம் ரயில்.

நேற்று உன் மனைவி மஞ்சள் துணியில் கட்டிய சின்னச் செம்போடு வந்தாள். உன் அஸ்தியில் ஒரு பிடி எடுத்து வைத்திருந்தாளாம். அந்த ஏரியில் கரைக்கச் சொன்னாயாம். "அவருக்கு உங்களை விட்டா யாருண்ணே" என்றாள்.

"இதையும் காவிரியிலயே கரைச்சிடும்மா. நான் கொண்டு போகல" என்றேன்.

ஏன் என்று கேட்டாள். நான் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவன் நீ. ஆறு வருஷம் உனக்கு வாய் இருந்தது. செம்பை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் படியிறங்கிப் போனபோது எனக்கு வலிக்கத்தான் செய்தது. அந்த வலியைச் சுமந்துகொண்டே ஏறுவேன். உன்னைச் சுமக்க மாட்டேன்.