சந்தில் பூத்த காசித்தும்பை

இன்று காலை காசித்தும்பையின் காய் ஒன்றைத் தொட்டேன். விரலிலேயே வெடித்து விதைகள் சட்டையெல்லாம் தெறித்தன. பயந்து கையை இழுத்துக்கொண்டேன். பக்கத்தில் நின்று சிரிக்க நீங்கள் இல்லை.

கொருக்குப்பேட்டையில் நம் குடியிருப்புக்கும் கிடங்குச் சுவருக்கும் நடுவே உள்ள சந்தில், நடுப்பகலில் மட்டும் கொஞ்சம் வெயில் விழும். அங்கே ஒன்றும் வளராது என்றேன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்ற நீங்கள், நான்கு பெயிண்ட் வாளிகளில் ஓட்டை போட்டு, மண் நிரப்பி, விதை தூவினீர்கள். கூட்ஸ் யார்டின் புழுதி படிந்த நிழலில் ரோஜா நிறமும் ஊதாவும் பூத்தன. எது எந்த நாளில் பூத்தது என்பதை நான் நோட்டில் குறித்துவைத்தேன். "சாரு பூவுக்கே அட்டெண்டன்ஸ் எடுக்குது" என்று மாடிப்படியில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொன்னீர்கள்.

இந்த ஆடியில், காலில் அறுவை சிகிச்சைக்குப் போகுமுன், புதிதாக வளர்ந்த நான்கு செடிகளை என்னிடம் ஒப்படைத்தீர்கள்.

"மத்தியானம் தலை தொங்கும் சார். சாயங்காலம் தானா நிமிந்துக்கும். தொங்குறப்போ மட்டும் தண்ணி ஊத்திடாத."

தலையாட்டினேன். ஆனால் துவண்ட செடியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. தினமும் ஒரு மணிக்கு ஒரு சொம்பு. அதையும் நோட்டில் குறித்தேன். பத்தாம் நாள் தண்டு அழுகி மூன்று செடிகள் சாய்ந்தன.

வீடு திரும்பிய நீங்கள் படி இறங்க முடியாமல் இரண்டாம் மாடியிலேயே இருந்தீர்கள். "பூ வச்சிச்சா சார்?" என்று கேட்டீர்கள். நான்கும் பூத்துவிட்டன என்றேன். சிரித்தீர்கள். நாளை சொல்லிவிடலாம் என்று தினமும் ஏறி வந்து, செய்தித்தாளைப் படித்துக் காட்டிவிட்டு இறங்கினேன். மூன்று வாரத்தில் மூலக்கொத்தளம் சுடுகாடு வரை உங்கள் பின்னால் நடந்தேன். மிஞ்சிய ஒரு செடி அதற்குப் பிறகுதான் பூத்தது.

இன்று அதன் விதைகளைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு போய், உங்கள் வீட்டம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் என்னை ஜன்னலருகே கூப்பிட்டார். கீழே சந்தும் நான்கு வாளிகளும் தெளிவாகத் தெரிந்தன. கட்டடங்களுக்கு வரைபடம் போட்டே வேலைக்காலத்தைக் கழித்தவன் நான். அந்த ஜன்னல் எந்தப் பக்கம் திறக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"அவுருக்குத் தெரியும் சார். இங்கதான் குந்திகினு பாத்துகினு இருந்தாரு. நான் கேக்கட்டான்னேன். 'வேணாம், சாரு பயந்துக்கும், அதுவா சொல்லட்டும்'னாரு."

செய்தித்தாளை மடித்து நான் எழும்போதெல்லாம், "இன்னும் கொஞ்ச நேரம் குந்து சார்" என்பீர்கள். துணைக்கு என்று நினைத்தேன். துணைக்கும்தானோ என்னவோ. இனி யாரிடம் கேட்பது?

ஊற்றாதே என்றீர்கள், ஊற்றினேன், மூன்று செத்துப்போயின. இவ்வளவுதான். நீங்கள் காத்திருந்து கேட்காமல் போன இந்த வரியை, உங்கள் வீட்டம்மாவிடம் சொன்ன பிறகும், இன்னும் நானே வைத்திருக்கிறேன்.