சிலான்ஸ் என்று நீ போட்ட சட்டம்

இன்று காலை பெரிய மார்க்கெட்டில் ஒரு மீன்காரம்மாவிடம் கத்திவிட்டேன். அவள் ஒரு பாவமும் செய்யவில்லை. குண்டானில் தண்ணீர் ஊற்றி நாலு விரால் விட்டிருந்தாள். நான் கடந்து போகையில் ஒன்று வாலை அடித்து என் வேட்டியில் தெளித்தது. சேறும் பாசியும் கலந்த அந்த ஏரி வாடை மூக்கில் ஏறியது. “உசுரோட இருக்குண்ணா, எடுத்துக்கோ” என்றாள். “உன்னை யாரு கேட்டா?” என்று எகிறினேன். சுற்றி இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வாங்க வந்த கத்தரிக்காயைக்கூட வாங்காமல் வெளியே வந்தேன்.

நீ போய் மூன்று வருஷம் ஆகிறது. செத்துப்போனவனைத் திட்டக்கூடாதாம். நான் திட்டத்தான் போகிறேன், கேட்டுக்கொள்.

வருஷா வருஷம் பொங்கல் முடிந்த முதல் ஞாயிறு, நீ, நான், பஷீர் மூன்று பேரும் வடக்கே கிளம்புவோம். திண்டிவனத்துக்கு அந்தாண்ட ஓர் ஏரி. அதன் பெயரை வெளியில் சொல்லக்கூடாது என்பது உன் உத்தரவு, இப்போதும் சொல்லவில்லை. கூப்பிடு தூரத்தில் கடலை வைத்துக்கொண்டு ஏரி மீனுக்காக இத்தனை தூரம் போகிற பைத்தியங்கள் என்று ஊரே சிரித்தது. “வைத்திக்குப்பத்துக்கு நடந்து போனா கூடை கூடையா வஞ்சிரம் இருக்கு, இதுங்க சேத்து மீனுக்கு அலையுதுங்க” என்று உன் பெண்டாட்டி செல்வி தலையில் அடித்துக்கொள்வாள். சுனாமி வந்து, கடல் மீனே வேண்டாமென்று சனங்கள் இருந்த அந்த ஒரு வருஷம்தான் நம்மைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. தெருவே நம் விராலுக்குக் காத்திருந்தது. நீ நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நம் சாரம் பேட்டை முழுக்க நடந்தாய்.

சட்டம் போட்டது நீ. முதல் வருஷம் பஷீர் வாய் ஓயாமல் பேசி ஒரு மீனும் கடிக்கவில்லை. மறு வருஷம் கரையில் இறங்கியதும், பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் உன் வாத்தியார் மேசையைத் தட்டிக் கத்துவாரே, அதேபோல “சிலான்ஸ்!” என்றாய். தூண்டில் தண்ணீரில் விழுந்ததிலிருந்து முதல் விரால் கரையேறும்வரை ஒருவரும் வாயைத் திறக்கக்கூடாது. திறந்தவன்தான் அன்றைக்குப் பிடித்த மீன் மொத்தத்தையும் சாம்பல் தேய்த்துக் கழுவ வேண்டும். செல்போன் வந்த பிறகு அதையும் சட்டத்தில் சேர்த்தாய். மூன்றையும் அணைத்து உன் ஸ்கூட்டர் டிக்கியில் பூட்டி, சாவியைப் பேன்ட் பையில் போட்டுக்கொள்வாய். நாங்களும் சின்னப் பிள்ளைகள் மாதிரி ஆடினோம். என்ன சொல்ல, எங்களுக்கும் அது பிடித்திருந்தது. வருஷம் முழுக்கக் கடையிலும் வீட்டிலும் பேசிப் பேசி நாக்கு தேய்ந்தவர்களுக்கு அந்த அமைதி ஒரு சுகம்.

கடைசி வருஷம், திண்டிவனத்து டீக்கடையில் நீ டீ குடிக்கவில்லை. “வாயு புடிச்சிருக்குடா” என்று ஒரு சோடா குடித்தாய். நம்பினேன். மடையன், நம்பினேன். பஷீர் தள்ளி மதகுப் பக்கம் போய்விட்டான். உனக்கும் எனக்கும் நடுவே ஒரு கருவேல மரம், அவ்வளவுதான் தூரம். தை மாதக் குளிர். நான் சால்வையைப் போர்த்தியிருந்தேன். உன் சட்டை முதுகோடு ஒட்டி நனைந்திருந்தது. இடது தோளை அழுத்தி அழுத்தி விட்டுக்கொண்டாய். நான் பாதி எழுந்தேன். நீ திரும்பிப் பார்த்து உதட்டில் விரலை வைத்தாய். பிறகு உன் தூண்டில் தக்கையைக் காட்டினாய். அது லேசாக முங்கி எழுந்தது.

நான் உட்கார்ந்துவிட்டேன்.

ஏன் உட்கார்ந்தேன் என்று கேள். விரால் இழுக்குமா என்று பார்க்கும் ஆசை ஒன்று. முந்தின இரண்டு வருஷமும் நானே தோற்று, அத்தனை மீனையும் நானே கழுவியிருந்தேன். மூன்றாவது தடவையும் உங்களிடம் கேலி வாங்க மனசில்லை. இதுதான் காரணம். சொல்லவே வாய் கூசுகிறது. பத்து நிமிஷமோ, பதினைந்து நிமிஷமோ, உன் தக்கையைப் பார்த்தேன், உன்னைப் பார்க்கவில்லை. கழி உன் கையிலிருந்து நழுவித் தண்ணீரில் விழுந்தபோதுதான் கத்தினேன்.

அப்புறம் உன் பையில் கைவிட்டுச் சாவியைத் தேடினோம், போனை எடுத்தோம், யாரை எந்த நம்பரில் கூப்பிடுவது என்று தெரியாமல் விழித்தோம். நெல் ஏற்ற வந்த ஒரு மினி லாரிக்காரர்தான் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார். டாக்டர் கேட்டது ஒரே கேள்வி. “வலி எப்போ ஆரம்பிச்சுது?” பஷீர் என்னைப் பார்த்தான். “தெரியல சார்” என்றேன்.

உன் சாவு எடுப்புக்கு வந்தவர்கள் எல்லாம் ஒரே பாட்டு. “புடிச்ச எடத்துல, புடிச்ச வேலைய செஞ்சிக்கினே போயிட்டான். குடுத்து வச்சவன்.” அந்த வார்த்தையைக் கேட்கும்போதெல்லாம் அறையலாம் போல இருந்தது. நாற்பத்தெட்டு வயசில் யாருடா குடுத்து வச்சவன்? செல்வி என்னிடம் வந்து, “கடைசியா ஏதாச்சும் சொன்னாராண்ணா?” என்றாள். “சட்டுனு ஆயிடுச்சும்மா, ஒண்ணுமே தெரியல” என்றேன். அதற்குப் பிறகு மூன்று வருஷமும் அவள் முகத்தை நேரே பார்த்துப் பேசியதில்லை.

இன்று மார்க்கெட்டிலிருந்து வந்த கையோடு, அதே ஈர வேட்டியோடு, உன் வீட்டுக்குப் போனேன். செல்வி தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். சட்டை நனைந்தது, தோளை அழுத்தியது, நான் எழுந்தது, நீ விரலை வைத்தது, நான் உட்கார்ந்தது. செருப்பால் அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். மிதிப்பதை நிறுத்திவிட்டுத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எனக்கு முந்தின நாளே தெரியும்ண்ணா.”

“என்ன தெரியும்?”

“நெஞ்சு அடைக்குதுன்னாரு. ஆஸ்பத்திரிக்குப் போலாம் வாங்கன்னேன். வருஷத்துக்கு ஒரு நாளு, அதக் கெடுக்காத, அவனுங்ககிட்ட மூச்சு வுட்ட, அவ்ளோதான்னாரு. காலையில இட்லிப் பொட்டலத்த உங்க கையிலதான குடுத்தேன்? சொல்லிடலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. பின்னாடி நின்னு மொறச்சாரு. பேசாம உள்ள போயிட்டேன்.”

அங்கேயே தரையில் உட்கார்ந்தேன். அடப்பாவி! வீட்டில் அவள் வாயை அடைத்தாய், ஏரியில் என் வாயை அடைத்தாய். நான்தான் கொன்றேன் என்று நானும், நான்தான் அனுப்பினேன் என்று அவளும் மூன்று வருஷம் தனித்தனியே வெந்துகொண்டிருந்தோம். ஒரு மீனுக்காகவா? நீ என்ன பெரிய இவனா?

செல்வி மெதுவாகத்தான் ஆரம்பித்தாள். “மனுசனா அவரு?” என்றாள். “பெரிய சட்டம் போட்டாரு சட்டம்! பொண்டாட்டி சொன்னா கேக்கறதில்ல, கூட்டாளி எழுந்தா உக்காருங்கறது…” குரல் ஏறியது. மாலை போட்டிருந்த உன் படத்தைப் பார்த்து, கேட்டவர்கள் காது கூசும்படி திட்டினாள். நானும் சேர்ந்துகொண்டேன். பக்கத்து வீட்டம்மா ஓடிவந்து எட்டிப் பார்த்து, “இன்னா செல்வி, யாரத் திட்டற?” என்றாள்.

“எங்க வூட்டுக்காரரத்தான்” என்றாள் செல்வி, கண்ணைத் துடைக்காமலே. “நீ போ, இன்னும் முடியல.”

சாயங்காலம் பஷீரையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறாள். உன்மேல் எனக்குள்ள கோபம் ஆறாது, ஆற்றிக்கொள்ளவும் மாட்டேன். ஆனால் இத்தனை நாள் அதை ஒற்றை ஆளாகத் தூக்கி முதுகு ஒடிந்திருந்தேன். இனி உன் பெண்டாட்டியும் ஒரு பக்கம் பிடித்திருக்கிறாள்.