காய்க்காத சுரைக்கொடி குறித்துச் சம்பந்தி வேந்தருக்கு விடுத்த ஓலை

நலம் பெருகுக. அருவி பாயும் ஏழு மலைகளுக்கு உரியவனும், இரு பெரும் போர்களில் புறமுதுகு காட்டாதவனும், அண்மையில் ஒரு சுரைக்கொடியிடம் தோற்றவனுமாகிய அருவிநாட்டு மன்னன் வெண்கோட்டரையன், கரம்பை நாட்டைக் காக்கும் பெருவேந்தரும் எமக்குச் சம்பந்தியாக இசைந்தவருமான சேந்தன் கொற்றனார் திருமுன்னர் விடுக்கும் ஓலை. தங்கள் ஏரிகள் நிறைக; தங்கள் குடிகள் செழிக்க; இதைப் படித்து முடிக்கும் வரையிலாவது தங்கள் பொறுமை நிலைக்க.

தங்கள் தூதர் நேற்று எம் அவைக்கு வந்தார். மணநாளை இரண்டு ஆண்டுகளாக யாம் தள்ளிப்போடுவது பெண் கொடுக்க மனமில்லாமையாலோ எனத் தாங்கள் ஐயுறுவதாகவும், வரும் தை முடிவதற்குள் மணம் நிகழாவிடில் தங்கள் மகனார் இளவரசர் நள்ளனுக்கு வேறிடம் பார்க்கப் போவதாகவும் தெரிவித்தார். ஆதலால் நடந்ததை மறைக்காமல் எழுதுகிறோம். தாங்கள் சிரிக்கலாம், சினம் மட்டும் வேண்டா.

தங்கள் முன்னோர் சுரைக்குடுக்கையில் நீர் சுமந்து பாலை கடந்தவர்கள். அதனால் நிச்சயத்தன்று தாங்கள் தரும் விதையைப் பெண்வீட்டார் வளர்த்து, அதில் விளைந்த சுரையைக் குடுக்கையாக்கி, அதிலிருந்து நீர் வார்த்தே மகளைத் தாரைவார்க்க வேண்டும் என்பது தங்கள் குலவழக்கம். ஊரில் கூரைக்குக் கூரை காய்க்கும் சுரைதானே என்று யாமும் மீசையை முறுக்கிக்கொண்டு ஒப்பினோம். சந்தனக் கால் நட்டுப் பந்தலிட்டோம். சுற்றிலும் பட்டுத்திரை கட்டினோம். ஒரு பூச்சியும் அணுகாதபடி விசிறி ஏந்திய வீரர்களை நிறுத்தினோம். அரண்மனைச் சோதிடர் மாசாத்தனார் வந்து நோக்கி, சில பூக்களின் அடியில் பிஞ்சு இருப்பதையும் ஏனையவை வெறுங்காம்பில் நிற்பதையும் கண்டு, மணக்கொடியில் காயாப் பூ இருத்தல் ஆகாது என்றார். அன்று முதல் வெறுங்காம்பில் அந்திதோறும் மலரும் வெள்ளைப் பூக்களை எல்லாம் பறிப்பித்து, மாலையாகக் கட்டி, யாமே சூடி அவையில் வீற்றிருந்தோம். அழகாக இருப்பதாக அமைச்சர்கள் சொன்னார்கள், யாமும் நம்பினோம்.

தாங்கள் தந்த விதைகளைப் பருவந்தோறும் ஊன்றினோம்; பிஞ்சுகளோ மஞ்சளித்து உதிர்ந்தன. வேரில் பால் வார்த்தோம், குழல் வாசிக்கச் செய்தோம், மங்கலத்துக்காகப் பட்டத்து யானையைப் பந்தலருகே நிறுத்தினோம். யானை பாதிக் கொடியைத் தின்றுவிட்டது.

சென்ற ஆவணியில், எம் மகள் எயினி திரையை விலக்கிக் கொடியைத் தொட்டாள் என்று, கொடியைத் தொடுவோர் யாராயினும் பிடிக்க என்ற எம் ஆணைப்படியே அவளைச் சிறைப்பிடித்து எம்மிடம் கொண்டுவந்தான் தலைக்காவலன். மடைப்பள்ளிக்குப் பின்னால் குப்பைமேட்டில் தானாய் முளைத்த சுரையொன்று காவலின்றிக் காய்த்துக் குலுங்குவதைப் பல மாலைகள் நின்று பார்த்ததாக அவள் அவையில் உரைத்தாள். வெறுங்காம்புப் பூக்களே ஆண்பூக்கள் என்றும், அவற்றின் மஞ்சள் பொடியை அந்திப்பூச்சிகள் உடம்பில் அப்பிக்கொண்டு போய்ப் பிஞ்சுடைய பெண்பூவின் நடுமுடியில் சேர்க்கின்றன என்றும், அப்பொடி சேராத பிஞ்சு வளர்வதில்லை என்றும் விளக்கினாள். பிறகு, தந்தையார் மாப்பிள்ளைகளைப் பறித்துக் கழுத்தில் சூடிக்கொண்டு, தூது வருவோரையும் விசிறியால் அடித்துவிட்டு, பிள்ளை எங்கே என்று கேட்பது முறையோ என வினவினாள். எம் கழுத்தில் அப்போதும் அந்த மாலை கிடந்தது.

பிடிபடும் முன்பே அவள் குப்பைமேட்டுக் கொடியிலிருந்து ஓர் ஆண்பூவைப் பறித்து வந்து, பந்தலில் ஒரு பெண்பூவில் தடவியிருந்தாள். அந்தப் பிஞ்சு உதிரவில்லை. இன்று அது குடம்போல் தொங்கி முற்றுகிறது. தைக்குள் உலர்ந்து குடுக்கையாகும். தை பிறந்ததும் மணநாள் குறிக்கத் தங்களை வேண்டுகிறோம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறோம். பிஞ்சு உதிர்ந்தபோதெல்லாம் அவையில் பெருமூச்சு விட்டோம். உள்ளுக்குள், மகள் இன்னும் ஒரு பருவம் எம்மோடு இருப்பாள் என்று மகிழ்ந்தோம். தங்கள் ஐயம் முழுப்பொய் அன்று. அவள் குரல் கேளாத அரண்மனையை நினைத்தால் எமக்கு அச்சமாக இருக்கிறது. குடுக்கை தங்களுடையது, அதைக் குடையும்போது எடுக்கும் விதைகளை மட்டும் எமக்கு விட்டுத்தர வேண்டுகிறோம். அவள் போனபின் குப்பைமேட்டில் ஊன்றி, மாலைதோறும் போய் நிற்போம்.

தங்களைச் சான்றாக வைத்து எம் அலுவலர்க்கும் இதனால் ஆணை: பட்டுத்திரை அவிழ்க்கப்படுக, விசிறிகள் மடைப்பள்ளி அடுப்புக்குப் போகுக, பந்தலுக்குள் யாரும் போய்வரலாம், எம்மைத் தவிர. யாம் நுழைய முயன்றால் காவலர் தடுப்பாராக. இவ்வாணையை எயினி சொல்ல எழுதி, அருவி முத்திரை இட்டு, யாம் ஒப்பினோம்.